பூனைக்குத் திட்டுத் திட்டாக முடி போகிறதா? எதையும் தடவும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் மிளகு கறுப்பு நாட்டுப் பூனை, நாலு வயது. வீடு மாறி இரண்டு மாதம் ஆன பிறகு ஒருநாள் மல்லாந்து படுத்திருந்தபோது பார்த்தால் அடிவயிற்றில் உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லை. புண் இல்லை, சிவப்பு இல்லை, செதில் இல்லை, டிரிம்மர் போட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. புது வீடு பிடிக்கவில்லை, மனசு சரியில்லாமல் நக்குகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஆறு வாரம் கழித்து தொடையின் உட்பக்கமும் வழுக்கையான பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். காரணம் தெள்ளுப்பூச்சி. ஆறு வாரமும் அரிப்போடுதான் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது, இதை எழுதுவதும் அதனால்தான்.

முடி போவது தனியாக ஒரு நோய் இல்லை. தெள்ளு, படர்தாமரை, சொறி, ஒவ்வாமை, மூத்திரப்பை வலி என்று எத்தனையோ காரணத்தால் அதே மாதிரி ஒரு வழுக்கைத் திட்டு வரும். சிக்கல் என்னவென்றால் ஒன்றுக்குப் போடும் மருந்து இன்னொன்றை மோசமாக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டும், மருந்து அப்புறம்தான்.

முதல் படி: இது இயல்பானதா?

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டுப் பகுதியில், எல்லாப் பூனைக்கும் முடி அடர்த்தி குறைவுதான். கறுப்புப் பூனையிலும் குட்டை முடிப் பூனையிலும் அது வழுக்கை மாதிரியே தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து, தோல் வழவழவென்று இருந்து, பூனை அங்கே சொறியவும் இல்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. பால் கொடுக்கும் தாய்ப் பூனைக்கு முலைக்காம்பைச் சுற்றி முடி இருக்காது. கருத்தடை ஆபரேஷனுக்கோ, டிரிப்ஸ் ஏற்றவோ ஷேவ் செய்த இடம் வளர்ந்து வர மாதக்கணக்கில் ஆகலாம். பிடரியில் சொட்டு மருந்து விட்ட இடத்தில் கொஞ்சம் முடி உதிர்ந்து தானாகவே திரும்பி வருவதும் உண்டு.

"வெயில் காலம், அதான் கொட்டுது" என்பது வேறு. வெயில் காலத்து உதிர்வு உடம்பு முழுக்கச் சீராக நடக்கும், தோல் வெளியே தெரியாது. ஒரு இடத்தில் மட்டும் தோல் தெரிந்தால் அதற்கு வெயில் காரணம் இல்லை.

இரண்டாம் படி: முடி தானாக உதிர்கிறதா, பூனையே பிடுங்குகிறதா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. திட்டின் மேல் விரலை எதிர்த்திசையில் தேய்த்துப் பாருங்கள். இரண்டு நாள் தாடி மாதிரி குத்தினால் முடி வேரோடுதான் இருக்கிறது, நக்கி நக்கி நுனி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன, விடாமல் நக்கினால் ஒரு இடத்தையே மழித்துவிடும். வழவழவென்று வெறும் தோலாக இருந்து, ஓரத்து முடியை லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் அது உதிர்வு.

"நான் பார்த்தவரை அது நக்கவே இல்லையே" என்று நானும் டாக்டரிடம் சொன்னேன். நாம் தூங்கும்போதும், வேலைக்குப் போன பிறகும், அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கியும் நக்கும், நம் கண்ணில் படாது. அதனால் வேறு தடயம் தேடுங்கள்: அடிக்கடி முடி உருண்டை வாந்தி எடுக்கிறதா, மலத்தில் முடி இருக்கிறதா, பல்லிடுக்கில் முடி மாட்டியிருக்கிறதா? டாக்டர் நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்து நுனி உடைந்திருக்கிறதா என்று சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். எனக்கு அப்படித்தான் காட்டினார், எல்லா முடியும் பிய்ந்த கயிறு மாதிரி இருந்தது.

மூன்றாம் படி: எந்த இடத்தில் போயிருக்கிறது?

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து காது மடல், மூக்குத் தண்டு, தாடை, கழுத்து, முதுகு, வால் தொடங்கும் இடம், வயிறு, தொடை உட்பக்கம், பாதம் என்று தலை முதல் வால் வரை விரலால் துழாவிப் பாருங்கள். ஒவ்வொரு திட்டையும் போனில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் வளர்கிறதா சுருங்குகிறதா என்று வாரா வாரம் தெரியும். இடத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், முடிவு கட்ட முடியாது.

முதலில் தெள்ளைச் சந்தேகப்படுங்கள். வால் தொடங்கும் இடம், இடுப்பு, தொடை உட்பக்கம், வயிறு, கழுத்து என்றால் பெரும்பாலும் அதுதான். விரலுக்குத் தோலில் கேழ்வரகு மணி மாதிரி பொடிப் பொடிப் பொருக்குகள் தட்டுப்படும். இங்கே தொல்லை செய்வது தெள்ளின் எண்ணிக்கை இல்லை, அது கடிக்கும்போது இறங்கும் எச்சில். அந்த எச்சில் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள் கணக்கில் அரிக்கும். அரிக்கிற பூனை நக்குகிற வேகத்தில் தெள்ளையே விழுங்கிவிடும், அதனால் நாம் எவ்வளவு தேடினாலும் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாமல் போகலாம். மிளகிடம் நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

பூச்சி கிடைக்காவிட்டாலும் அதன் எச்சம் கிடைக்கும். வீட்டில் இருக்கும் பேன் சீப்பு போதும். வெள்ளைத் தாளின் மேல் பூனையை நிறுத்தி, வால் தொடங்கும் இடத்தில் தோலை ஒட்டி வாருங்கள். மிளகுப்பொடி மாதிரி கறுப்புத் துகள் விழுந்தால் அதை ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள், செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். மண்ணாக இருந்தால் அந்த நிறம் வராது. ஆசனவாய் பக்கத்தில் காய்ந்த அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழு பூனை தெள்ளை விழுங்குவதால் வருவது, ஆக அதுவே ஒரு சாட்சி. இரண்டும் கிடைக்காவிட்டாலும் தெள்ளு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மருந்து போட்டுப் பார்த்துத்தான் விலக்க முடியும்.

மருந்தென்றால் பிடரியில் விடும் சொட்டு மருந்து. ஃபிப்ரோனில், செலமெக்டின், ஃப்ளூரலானர் என்று பல உண்டு, எது என்பதைப் பூனையின் வயதையும் எடையையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும். நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். வீட்டில் எத்தனை பூனை, நாய் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும், ஒன்றை விட்டாலும் பலனில்லை. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40 முட்டைக்கு மேல் இடும். அந்த முட்டைகள் பூனை மேல் தங்காமல் மெத்தையிலும் பாயிலும் சோபா இடுக்கிலும் உதிர்ந்து, அங்கேயே புழுவாகி, கூடு கட்டி மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். பூனை மேல் நாம் பார்ப்பது மொத்தத்தில் கொஞ்சம்தான். அதனால்தான் ஒரு தடவை மருந்து விட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்தியவர்கள் திரும்பத் திரும்ப மாட்டுகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் இடைவெளி விடாமல் போடுங்கள், விரிப்புகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள், கட்டிலுக்கடியிலும் மூலைகளிலும் தினமும் பெருக்குங்கள். நம் ஊரில் தெள்ளை ஒடுக்கும் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, வருஷம் முழுக்க அதற்கு சீசன்தான்.

அடுத்தது படர்தாமரை. இதற்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான் காரணம், கேனிஸ் என்றால் நாய், பெயரில் நாய் இருந்தாலும் அதிகம் சுமப்பது பூனைதான். முகம், காது, முன்னங்கால் பக்கம் வட்டமாகவோ கோணல்மாணலாகவோ முடி போய், ஓரத்தில் உடைந்த முடியும் சாம்பல் தூவிய மாதிரி செதிலும் இருக்கும். அரிப்பு இருக்கலாம், துளியும் இல்லாமலும் இருக்கலாம். குட்டிகளுக்கும், பெர்சியன் மாதிரி நீள முடி வகைகளுக்கும், கூட்டமாக வளரும் இடத்திலிருந்து வந்தவற்றுக்கும் அதிகம். வெளியில் ஒரு அடையாளமும் இல்லாமல் பூஞ்சையைச் சுமக்கிற பூனைகளும் உண்டு.

இது நமக்கும் ஒட்டும். தெருவில் கிடந்த குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாவது வாரம் என் அக்கா மகளின் கையில் சிவப்பு வளையம் வந்தது, அதற்கப்புறம்தான் குட்டியின் காதோரத் திட்டையே கவனித்தோம். வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தோல் டாக்டரிடம் போனால் "வீட்டில் பூனை இருக்கிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

கால்நடை டாக்டர் உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பார்ப்பார். பூஞ்சை பிடித்த முடி பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிர்ந்தால் அது படர்தாமரையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஒளிராவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிய முடியை எடுத்து, அதில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். சிகிச்சை இரண்டு பக்கமும் நடக்க வேண்டும்: உள்ளுக்கு இட்ராகொனசோல் மாதிரி மருந்து, வெளியே வாரம் இரண்டு முறை பூஞ்சைக் கொல்லி ஷாம்பூவோ முக்கியெடுக்கும் மருந்தோ. முடி வளர ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள், பார்வைக்குச் சரியான பிறகும் பூஞ்சை இருக்கும். உதிர்ந்த முடியில் இருக்கும் வித்துகள் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் என்பதால், சிகிச்சை முடியும்வரை துடைக்கச் சுலபமான ஒரு அறையில் வைத்துக்கொண்டு, தினமும் முடியைப் பெருக்கி எடுத்து, ஈரத் துணியால் துடையுங்கள். அறையில் தனியாக வைத்தாலும் விளையாட்டும் பேச்சும் குறையக் கூடாது, குட்டிகளுக்கு அது சோறு மாதிரி.

படர்தாமரை என்று கேட்டதும் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இது முழுசாகக் குணமாகிற நோய், சில மாதம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எங்கள் குட்டி இப்போது கன்னத்தில் புசுபுசுவென்று முடியோடு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது.

காது மடலின் ஓரத்தில் ஆரம்பித்து, முகம், கழுத்து என்று பரவி, தோல் தடித்துச் சுருங்கி, சாம்பல் மஞ்சள் நிறத்தில் மொத்தமாகப் பொருக்கு கட்டினால் அது சொறி. நோட்டோயிட்ரஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் துளைத்து வாழ்வதால் வருவது. தெருப் பூனைகளிடம் அடிக்கடி பார்க்கலாம், பாவம், கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். காதைச் சொறிந்த பாதத்துக்கும், சுருண்டு படுக்கும்போது வாலுக்கும் பரவும். அரிப்பு பயங்கரமாக இருக்கும், தூக்கியவர் கையிலும் சிவப்புத் தடிப்பு வரலாம், ஆனால் நம் உடம்பில் அது நிலைத்துப் பெருகாது. பார்க்கத்தான் இவ்வளவு கோரம், சரியான மருந்து போட்டால் சில வாரத்தில் முகமே மாறிவிடும்.

காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு, காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து முடி போயிருக்கிறது என்றால் காதுப்பூச்சி. பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள், டாக்டர் பார்க்கட்டும்.

மூக்குத் தண்டிலும் காது மடலிலும் மட்டும் சின்னச் சின்னப் பொருக்கோடு முடி போனால் கொசுக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம். சாயங்காலத்துக்கு மேல் கொசுவலை போட்ட அறைக்குள் வைத்து ஒரு வாரம் பாருங்கள், குறைந்தால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் வெள்ளைப் பூனை, அல்லது காதும் மூக்கும் வெள்ளையாக இருக்கும் பூனை என்றால் இப்படிக் காத்திருக்க வேண்டாம். வெயில் பட்டுப் பட்டு அந்த இடத்தில் தோல் புற்றுநோய் வரும். காது நுனியில் ஆறாத ஒரு பொருக்கு இருந்தால் உடனே காட்டுங்கள்.

முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வரச் சொறிகிறது, தெள்ளு மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் சாப்பாட்டு ஒவ்வாமையை யோசிக்க வேண்டும். பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாமல் போவது மாட்டிறைச்சி, மீன், கோழி, அதாவது நாம் தினமும் கொடுப்பவையேதான். இதற்கு ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதத்தையோ, டாக்டர் எழுதித் தரும் பிரத்யேக உணவையோ மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஒரு நாள் பக்கத்து வீட்டு மீன் தலை உள்ளே போனாலும் கணக்கு முதலிலிருந்து. இந்தச் சோதனை உணவை வீட்டிலேயே சமைத்து வருஷக்கணக்கில் தொடர வேண்டாம், டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும்.

அடிவயிற்றின் நடுவில் மட்டும் நக்குகிறதா? அப்படியென்றால் தோலைத் தாண்டியும் யோசிக்க வேண்டும். மூத்திரப்பை வலித்தால் பூனை அந்த இடத்துக்கு மேலே இருக்கும் தோலை நக்கும், மூட்டு வலித்தால் மூட்டை நக்கும். மணல் தட்டுக்கு அடிக்கடி போகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லை என்றால் முடியை மறந்துவிட்டு அந்த நிமிடமே கிளம்புங்கள், அடைப்பு இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, முடியும் பாழானால் தைராய்டு பார்க்க வேண்டும். வயிற்றுத் தோல் பளபளவென்று மின்னி, முடி கொத்தாக வந்து, பூனை சோர்ந்தும் போனால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் தேவைப்படும். இவை இரண்டும் தெள்ளு அளவுக்கு அடிக்கடி வருபவை இல்லை.

மனக் கவலையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கவலையால் நக்குகிறது என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்த ஒரு ஆய்வு 2006இல் வந்தது. அவற்றில் 16க்கு உடம்பில்தான் காரணம் இருந்தது, பெரும்பாலும் ஒவ்வாமை. வெறும் மனக் காரணம் என்று நின்றவை இரண்டே இரண்டு. மிளகுக்கு முன்பே இதைப் படித்திருந்தால் அந்த ஆறு வாரம் வீணாகியிருக்காது. மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மட்டுமே மனசுக்கு வாருங்கள், அப்போது ஒளிந்துகொள்ள உயரமான இடம், தினமும் ஒரே நேரத்தில் விளையாட்டு, ஒவ்வொரு பூனைக்கும் தனித் தட்டு என்று வீட்டைச் சரிசெய்யுங்கள்.

நான்காம் படி: எதையெல்லாம் தடவக் கூடாது

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது, நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகும். தெரியாமல் விட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டு அந்த இடத்தைக் கழுவி, துவட்டிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். நாய்களுக்கு உண்ணிக்காகத் தண்ணீரில் கலந்து ஊற்றும் அமிட்ராஸும், மனிதர்களின் சிரங்குக்குத் தடவும் பென்சில் பென்சோயேட்டும் அப்படியே ஆபத்துதான்.

மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டு கலந்த "தோல் கிரீம்" கொடுப்பார்கள். தடவினால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், அதற்கடியில் பூஞ்சை நன்றாகப் பரவும். பினாயில், டெட்டால், மண்ணெண்ணெய், தேயிலை மர எண்ணெய் எதுவும் வேண்டாம். வேப்பெண்ணெய் நம் ஊர் வைத்தியம்தான், எனக்கும் அதன் மேல் மரியாதை உண்டு, ஆனால் பூனை தோலில் தடவியதை எல்லாம் நக்கி உள்ளே தள்ளிவிடும். அரிப்பைத் தணிக்கவோ வலிக்கோ பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும்.

டாக்டரைப் பார்க்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது, கழுத்தில் கூம்பு மாட்டிப் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வது. அதோடு கூம்பு மாட்டிய பிறகு முடி வளர்ந்தால் காரணம் அது நக்குவதுதான் என்பதும் உறுதியாகும்.

ஐந்தாம் படி: டாக்டரிடம்

படங்கள், எப்போது தொடங்கியது, என்ன சாப்பிடுகிறது, வேறு பிராணிகள் இருக்கின்றனவா, வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா, இதுவரை என்ன தடவினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தடவியதை மறைக்காதீர்கள், திட்டினால் திட்டட்டும். போவதற்கு முன் குளிப்பாட்ட வேண்டாம், பார்க்க வேண்டியது எல்லாம் கழுவிப் போய்விடும்.

முடியைப் பிடுங்கிப் பார்ப்பது, தோலைச் சுரண்டிப் பார்ப்பது, ஒட்டும் டேப்பால் ஒற்றிப் பார்ப்பது, உட்ஸ் விளக்கு: தோல் பிரச்சினைக்கு இந்த நாலும் அடிப்படை. எதையும் பார்க்காமல் நேராக ஸ்டீராய்டு ஊசி என்றால் "ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள், ஊசியால் அரிப்பு நிற்கும், காரணம் மறைந்துகொள்ளும். பக்கத்தில் அந்த வசதி இல்லையென்றால் சென்னையில் வேப்பேரி, மற்றபடி நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்குப் போகலாம்.

குட்டிக்கு ஈறு வெளுத்திருந்தால், சாப்பிடாமல் ஒரு நாள் ஆனால், திட்டில் சீழோ நாற்றமோ வீக்கமோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஆண் பூனைகள் சண்டையில் வாங்கிய கடி வெளியே ஆறின மாதிரி மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடித்து, பிறகு முடியோடு தோலே உரிந்து வரும்.

முடி எப்போது திரும்பி வரும்?

காரணம் போன பிறகு இரண்டு மூன்று வாரத்தில் பூமுடி தெரியும், பழைய அடர்த்திக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், நீள முடிப் பூனைக்கு இன்னும் அதிகம். ஆழமாகப் புண்ணாகித் தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் வராமல் போகலாம். சயாமீஸ் மாதிரி முகமும் காலும் மட்டும் கறுத்த பூனை என்றால் புது முடி கொஞ்சம் கறுப்பாக வரக்கூடும், அந்த வகையில் தோல் குளிர்ந்திருக்கும் இடத்தில் நிறம் கூடும், பயப்பட வேண்டாம், அடுத்த முறை முடி மாறும்போது பழைய நிறம் வந்துவிடும். மிளகுக்கு இரண்டாவது சொட்டு மருந்து விட்ட வாரத்தில் வயிற்றில் கறுப்பாக நிழல் மாதிரி ஒன்று படர்ந்தது, தடவிப் பார்த்தால் முயல்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது.